ரெக்ரூட்டர் திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டார், தப்பு என் பக்கமா?

மாடிப்படி:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொள்முதல் துறையில் 9 வருட அனுபவம். நான் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். நாலு மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை என்னிடம் பேசிய ரெக்ரூட்டர்கள் 11 பேர். எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன், கொள்முதல் ஆள் இல்லையா, பழக்கம் விடாது. இந்த 11 பேரில் இன்றைக்கும் என் போனை எடுப்பவர்கள் இரண்டே பேர்.

அதிகம் உறுத்துவது ஒருவருடைய விஷயம். முதல் நாளே மூன்று தடவை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ரெஸ்யூமை மாற்றித் தரச் சொன்னார், உட்கார்ந்து மாற்றித் தந்தேன். "உங்க ப்ரொஃபைல் அப்படியே பொருந்துது மேடம், நான் கேரண்டி" என்றார். இரண்டு ரவுண்டு நடந்தது. இரண்டாவது ரவுண்டு முடிந்த அன்று சாயங்காலம் "எப்படிப் போச்சு, யார் யார் இருந்தாங்க, என்ன கேட்டாங்க" என்று துருவித் துருவிக் கேட்டவர், மறுநாளிலிருந்து ஆளையே காணோம். 19 நாள் ஆகிறது. ஆறு மெசேஜ் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஆறாவது கொஞ்சம் காட்டமாகப் போய்விட்டது: "தேவைப்பட்டா மட்டும்தான் பேசுவீங்களா?" அனுப்பிய ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். ஆனால் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று இதைவிட மோசம். ஒரு ரெக்ரூட்டர் கம்பெனி பெயரைச் சொல்லாமல் "நல்ல எம்.என்.சி. மேடம், அனுப்பட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன். நாலு நாள் கழித்து வேறொருவர் வேறொரு வேலையைச் சொன்னார், அதற்கும் சரி என்றேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. அந்த கம்பெனி ஹெச்.ஆர். என்னைக் கூப்பிட்டு, "இரண்டு வழியாக வந்திருக்கிறீர்கள், இதை மேலே கொண்டுபோக முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் என்ன திருட்டுத்தனமா செய்தேன்?

இந்த ஆட்களோடு எப்படித்தான் ஒத்துப்போவது? ஒருவரிடம் மட்டும் கொடுக்க வேண்டுமா, பலரிடம் கொடுக்கலாமா? சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று முதலிலேயே சொன்னால் மாட்டிக்கொள்வேனா? வேறு இடத்தில் இன்டர்வியூ போவதைச் சொல்லலாமா? நேரடியாக இந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

கடைசிபெஞ்ச்:

அவர் உங்களுக்கு வேலை தேடித் தருபவர் இல்லை மேடம், கம்பெனிக்கு ஆள் தேடித் தருபவர். இது புரிந்த நாளிலிருந்து எனக்கு யார்மேலும் கோபம் வருவதில்லை. 20 பேரிடம் ரெஸ்யூமைக் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உறவாவது ஒட்டாவது.

பழையநாற்காலி:

கடைசிபெஞ்ச் சொன்னதில் முதல் வரி சரி. மீதிதான் இடிக்கிறது. 20 பேரிடம் கொடுத்தால் மாடிப்படியின் இரண்டாவது கதை மாதம் ஒருமுறை நடக்கும்.

நான் 10 வருடம் ரெக்ரூட்டராக இருந்தவன். அப்புறம் என் வேலையே போய், ஐந்து மாதம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் அடுத்தவருக்குச் செய்ததெல்லாம் எனக்கே திரும்பி வந்ததைப் பார்த்தேன். இப்போது வேறு துறை. யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

முதலில் காசு எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். கன்சல்டன்சிகளில் பெரும்பாலும் "ஆள் சேர்ந்தால்தான் காசு" முறை. சேருபவரின் முதல் வருடச் சம்பளத்தில் ஒரு சதவீதத்தை, பொதுவாக 15 முதல் 25 வரை, கம்பெனி கன்சல்டன்சிக்குத் தரும். அதுவும் உடனே நிலைத்துவிடாது. சேர்ந்தவர் ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள், பல இடங்களில் 90 நாள், விட்டுப் போனால் மாற்று ஆள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். ஒரே வேலைக்கு மூன்று நான்கு கன்சல்டன்சிகள் ஆள் அனுப்பும். நான் இரண்டு ரவுண்டு வரை கூட்டிப்போனவர் தோற்று, பக்கத்து கன்சல்டன்சியின் ஆள் தேர்வானால், என் மூன்று வார உழைப்புக்கு வருமானம் பூஜ்யம். பெரிய பதவிகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு தேடுகிற முறை தனி. அது நமக்கு இங்கே வேண்டாம்.

ஆகவே என் கையில் 14 வேலை திறந்திருக்கிறது என்றால், காலையில் உட்கார்ந்ததும் நான் பார்த்தது ஒன்றைத்தான்: இதில் எது இந்த மாதம் முடியும்? நாலோ ஐந்தோ தேறும். அந்த நாலைந்தில் இருப்பவருக்கு ஒரே நாளில் மூன்று போன் போகும். மற்றவர்களுக்கு மௌனம். இதில் பாசமும் இல்லை, வெறுப்பும் இல்லை.

ஆனால் மௌனத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, அதை எந்த ரெக்ரூட்டரும் வாய்விட்டு ஒத்துக்கொள்ள மாட்டார். வெட்கம். ஒருவரிடம் நான் "கிடைச்ச மாதிரிதான்" என்று வாயை விட்டுவிட்டேன். கிளையன்ட் அந்த இடத்தையே நிறுத்தி வைத்துவிட்டது. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று மூன்று வாரம் ஓட்டினேன். அவர் பெயர் திரையில் வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைப்பேன். கடைசியில் நானே மனசைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டபோது, "இல்லைன்னு அப்பவே தெரியும் சார், நீங்க சொல்வீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றார். அன்றைக்கு முழுக்க யாருக்கும் போன் செய்யவில்லை. உங்களிடம் "நான் கேரண்டி" என்று சொன்னவரும் இப்போது போனைக் கவிழ்த்துத்தான் வைத்திருப்பார் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் இன்னொரு வாய்ப்பும் உண்டு: கம்பெனி வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கும், நீங்கள் இரண்டாம் இடத்தில் இருப்பீர்கள். "இல்லை" என்று சொன்னால் நீங்கள் கைநழுவிப் போவீர்கள், "இரண்டாம் இடம்" என்று சொன்னால் மனம் வாடும். அதனால் வாயைத் திறக்க மாட்டார்.

எப்படி இருந்தாலும் கோபமான மெசேஜ் அந்தக் கவிழ்ந்த போனை நிமிர்த்தாது. அவர் "இல்லை" என்று சொல்வதைச் சுலபமாக்கிக் கொடுங்கள். சொல்லிவிட்டால் உங்களுக்கும் விடுதலை.

அடுத்து, அந்த இரட்டை விண்ணப்பம். நீங்கள் எந்தத் திருட்டும் செய்யவில்லை. ஆனால் கம்பெனியின் கண்ணில் பாருங்கள். உங்களைச் சேர்த்தால் இரண்டு கன்சல்டன்சியும் "எங்கள் ஆள்" என்று பில் அனுப்பும். யாருடையது முதலில் சிஸ்டத்தில் ஏறியதோ அவருக்குத்தான் என்பது பொதுவான வழக்கம். அப்படி ஏறிய பெயர் ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்த கன்சல்டன்சிக்கே பாத்தியம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனாலும் தகராறு வரும் என்று தெரிந்தால் சில கம்பெனிகள் ஆளையே ஒதுக்கிவிடும். அதனால் கம்பெனி பெயர் தெரியாமல் "அனுப்புங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "பெயர் ரகசியம்" என்பார்கள். பரவாயில்லை, அனுப்புவதற்கு முன்னால் சொல்லட்டும். அப்புறம் இரண்டு வரி மெயில்: இன்ன கம்பெனி, இன்ன பதவி, இன்ன தேதி, என் சார்பாக நீங்கள் அனுப்ப சம்மதம், வேறு எங்கும் எனக்குத் தெரியாமல் அனுப்ப வேண்டாம். நல்ல ரெக்ரூட்டர் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார், ஏனென்றால் நாளைக்குத் தகராறு வந்தால் அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். முகம் சுளிப்பவரைப் பற்றி உங்களுக்கே தெரிந்துவிடும்.

சம்பளத்தை மறைக்காதீர்கள். "இதற்குக் கீழே என்றால் வர மாட்டேன்" என்கிற எண் ஒன்றையும், "இது கிடைத்தால் சந்தோஷம்" என்கிற எண் ஒன்றையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கீழ் எண்ணில் அடம்பிடிக்கத் தயாராக இருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள். அதே சமயம் ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். கமிஷன் 20 சதவீதம், உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் சம்பளம் 100 என்று வைப்போம். அவருக்கு 20. நீங்கள் இழுத்துப் பிடித்து 105 வாங்கினால் அவருக்கு 21. அந்த இழுபறியில் பேச்சே முறிந்தால் அவருக்குச் சுழியம். ஒன்றுக்காக 20ஐப் பணயம் வைக்க எவர் மனசும் வராது. "அதிகச் சம்பளம் வாங்கித் தந்தால் அவருக்கும் லாபம்தானே" என்று நம்பி, பேரம் பேசும் பொறுப்பை முழுக்க அவர் தலையில் கட்டாதீர்கள். எவ்வளவு கேட்கலாம் என்று அவரிடம் விசாரியுங்கள், சந்தை நிலவரம் அவருக்குத் தெரியும். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

வேறு இன்டர்வியூ போவதைச் சொல்லலாமா என்றால், கட்டாயம் சொல்லுங்கள். கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது போதும். "இன்னொரு இடத்தில் கடைசி ரவுண்டு முடிந்தது, பத்து நாளில் பதில் வரும்" என்று நீங்கள் சொன்னால், அதையே வைத்து நான் கிளையன்டை நெருக்குவேன். அது எனக்குக் கிடைத்த ஆயுதம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு திங்கட்கிழமை பார்த்தேன். என் ஆள் சேர வேண்டிய நாள். முந்தின வெள்ளிக்கிழமை கூட "வந்துடறேன் சார்" என்றார். காலை 9.40க்கு கிளையன்ட் போன்: "ரிசப்ஷனில் லேப்டாப், அடையாள அட்டை எல்லாம் தயார், உங்கள் ஆள் எங்கே?" அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். பழைய கம்பெனி சம்பளத்தை உயர்த்திவிட்டது, தங்கிவிட்டார் என்று மூன்றாவது நாள் தெரிந்தது. தங்கியதில் எனக்குக் கோபமே இல்லை. வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் திங்கட்கிழமை நான் அப்படி நின்றிருக்க மாட்டேன். இரண்டு வருடம் கழித்து அவர் ரெஸ்யூம் மறுபடி என் மேஜைக்கு வந்தது. அழகாகப் பொருந்தியது. நான் அனுப்பவில்லை. சின்னத்தனம்தான், ஆனால் அனுப்பவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கிடங்கு நிர்வாகத்தில் வேலை தேடியவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே ஒரு வரி அனுப்புவார்: "இந்த வாரம் ஒரு முதல் ரவுண்டு, ஒரு நிராகரிப்பு. இன்னும் தேடுகிறேன், உடனே சேரலாம்." பதில் கேட்க மாட்டார். தனக்குப் பொருந்தாத வேலையை நான் சொன்னால், "இது எனக்கு இல்லை, ஆனால் என்னுடன் வேலை பார்த்த ஒருவருக்குச் சரியாக இருக்கும், கேட்டுச் சொல்லட்டுமா" என்பார். கிடங்கு வேலை ஒன்று வந்து விழுந்ததும் நான் டேட்டாபேஸைத் திறக்கவே இல்லை, அவருக்குத்தான் கை போனது. நான் பார்த்தவரை, கெட்டிக்காரரைவிட நிலவரம் தெரிந்தவரைத்தான் கை முதலில் தேடும்.

எத்தனை பேர் என்றால், உங்கள் துறையிலேயே ஆள் எடுப்பவர்கள் மூன்று நாலு பேர் போதும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் இருப்பது தெரியட்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். "பதிவுக் கட்டணம்", "ப்ரொஃபைல் முன்னுரிமை" என்று உங்களிடமே காசு கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருடத்து 181ஆம் எண் ஒப்பந்தம், 7ஆம் பிரிவு, தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. சில வகை ஆட்களுக்கும் சேவைகளுக்கும் மட்டும் விதிவிலக்கு தர நாடுகளுக்கு அதில் இடம் உண்டு. எல்லா நாடும் அதில் கையெழுத்திடவில்லை என்றாலும், முறையான தொழிலின் வழக்கம் அதுதான்.

நீலக்கோப்பு:

நான் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் ரெக்ரூட்டர். எங்களுக்கு மாதச் சம்பளம், கமிஷன் கிடையாது. அதனால் பழையநாற்காலி சொன்ன கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் தலைவலி வேறு, ஆள் கேட்ட மேனேஜர். "அவசரம், நேற்றே வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அனுப்பிய ஐந்து ரெஸ்யூமை இரண்டு வாரம் திறக்காமல் வைத்திருப்பார். வேட்பாளருக்கு நாங்கள் "ப்ராசஸில் இருக்கிறது" என்று சொன்னால் பாதி நேரம் அதற்கு அர்த்தம், மேனேஜர் இன்னும் பார்க்கவில்லை.

மாடிப்படி, முதல் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த இடம் எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது? இதே மேனேஜருக்கு முன்னால் யாரையாவது எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா? கடைசியாக அனுப்பியவர்களை ஏன் வேண்டாம் என்றார்கள்? மூன்றாவதற்குப் பதில் தெரிந்தவர் கிளையன்டோடு உண்மையாகவே பேசுகிறார். தெரியாதவர் விளம்பரத்தைப் பார்த்து உங்களுக்குப் படித்துக் காட்டுகிறார்.

நிராகரித்த பிறகு "என்ன குறை?" என்று கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் பிரச்சினை வரும் என்று "வேறொருவர் அதிகம் பொருந்தினார்" என்ற வாசகத்தோடு முடித்துவிடுவோம். "அடுத்த இன்டர்வியூவுக்கு நான் எதில் தயாராகப் போக வேண்டும்?" என்று போனில் கேளுங்கள். எனக்கே வாய் தானாகத் திறந்துவிடும்.

ஒரே ஒரு கருத்து வேறுபாடு. வாராவாரம் மெசேஜ் எனக்கு அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

பழையநாற்காலி:

கம்பெனிக்குள் இருப்பவருக்கு இரண்டு வாரம், கன்சல்டன்சிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் ஒரு வாரத்தில் பட்டியலே மாறிவிடும்.

மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. போனைக் கவிழ்த்து வைக்கிற கதையைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா பாருங்கள்:

"வணக்கம் சார். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். 19 நாட்களாக உங்களிடமிருந்து எந்தத் தகவலும் இல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது. என் நிலைமையைப் புரிந்துகொண்டு தயவுசெய்து என்ன நடக்கிறது என்று உடனே தெரியப்படுத்தவும். முன்பு அனுப்பிய மெசேஜுக்கு மன்னிக்கவும்."

பழையநாற்காலி:

இதைப் படித்ததும் போன் மறுபடி கவிழும். 19 என்று எண்ணிக் காட்டியது குற்றப்பத்திரிகை. "உடனே" என்பது அவர் கையில் இல்லாதது. மன்னிப்பும் வேண்டாம், அவர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, நீங்கள் ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்? இப்படிப் போடுங்கள்:

"வணக்கம் சார். அந்த வேலை அமையவில்லை என்றாலும் பரவாயில்லை, 'இல்லை' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், நான் பட்டியலில் அடித்துவிடுகிறேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், உடனே சேரலாம். வேறொரு இடத்தில் முதல் ரவுண்டு முடிந்திருக்கிறது."

கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும்.

மாடிப்படி:

உண்மைதான், போன புதன்கிழமை முடிந்தது. அனுப்பிவிட்டேன்.

மாடிப்படி:

3 மணிக்கு அனுப்பினேன், 4.40க்கு அவரே போன் செய்துவிட்டார்! அந்த இடத்துக்குக் கம்பெனி உள்ளே இருந்தே ஒருவரை மாற்றிவிட்டார்களாம். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம்" என்றார். வேறொன்று இருக்கிறது, கம்பெனி பெயரோடு மெயில் அனுப்புகிறேன் என்றார், அனுப்பியும் விட்டார்.

கூத்து என்னவென்றால், அந்த கம்பெனிக்கு நான் போன மாதம் அவர்கள் இணையதளத்தில் நேரடியாகவே விண்ணப்பித்திருக்கிறேன். என் ஷீட்டில் 34ஆவது வரி. பதிலே வராத விண்ணப்பம்தானே, இவர் அனுப்பினால் இன்டர்வியூவாவது நடக்குமே, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் சொல்லிவிட்டேன்.

பழையநாற்காலி:

என்ன சொன்னார்?

மாடிப்படி:

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நல்லவேளை, அனுப்பறதுக்கு முன்னாடி சொன்னீங்க" என்றார். செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு வேறொரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார். நீலக்கோப்பு சொன்ன மூன்று கேள்வியை ஷீட்டின் மேலேயே எழுதி வைத்துவிட்டேன்.